புது ஆல்பத்தோடு டெல்டாவைச் சுற்றிவருவது எப்படி? சுயாதீன ராக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. புது ஆல்பத்தை எப்போது வெளியிடலாம் என்று குழுவாக உட்கார்ந்து பேசும்போது அந்தத் தேதியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ நிகழ்ச்சி போடும் குழு, அரங்கு எந்த வெள்ளிக்கிழமை காலி என்று பார்த்தால் போதும். இங்கே நடவு, அறுப்பு, மழை, முகூர்த்தம், தேர்வு ஆகிய ஐந்தும் ஒத்துவந்தால்தான் தேதி அமையும்.

நான் கும்பகோணத்தில் ஒரு நால்வர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டெல்லாம் நாங்களே எழுதியவை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை டெல்டாவைச் சுற்றியிருக்கிறோம். திருச்சிக்குக் கிழக்கே ராக் கச்சேரிக்கு யார் வருவார்கள் என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. நாகஸ்வரக்காரர்களும் நாடகக் குழுக்களும் தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த மண் இது. அவர்கள் நடந்த தடத்தில் கிட்டாரும் டிரம்ஸும் போகலாம். அதற்கு அவர்கள் கைக்கொண்ட முறைகளை நாமும் கற்க வேண்டும்.

தேதி குறிப்பது

மிக நல்ல காலம் பொங்கல் கழிந்து மார்ச் தொடக்கம் வரை. சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்க் கையில் பணம் வருகிற நேரம். மழை ஓய்ந்திருக்கும். கல்லூரிகள் திறந்திருக்கும், அவற்றின் கலைவிழாக்கள் பலவும் அப்போதுதான். மார்ச் பிறந்துவிட்டால் பிளஸ் 2 தேர்வு. அதன் பிறகு ஒலிபெருக்கி அனுமதி கேட்டால் காவல் நிலையத்தில் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. ஆகவே இந்தக் காலம் ஆறு வாரம்தான். திருவையாறு ஆராதனை இந்தக் காலத்தை ஒட்டி, தை மாதத்து பகுள பஞ்சமியில், அதாவது தேய்பிறை ஐந்தாம் நாளில் வரும். அந்த நாட்களில் தஞ்சாவூர்ப் பக்கம் விடுதி அறை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது வாய்ப்பு ஆடி மாதம். கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், பேசினால் வாடகையும் குறையும். ஆனால் மைக் செட்காரர்கள் அம்மன் கோயில் விழாக்களுக்குப் போய்விடுவார்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு புதன், வியாழனில் வைத்துக்கொண்டால் மண்டபம், செட் இரண்டும் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். எங்கள் முதல் சுற்று ஐப்பசியில். மயிலாடுதுறையில் நிகழ்ச்சி அன்று மதியம் பிடித்த மழை மறுநாள் காலைவரை விடவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த மாதத்தில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்ட இங்கே யாருக்கும் மனம் வராது.

வெளியீட்டு வேலை

இது மேசையில் உட்கார்ந்து முடிக்கும் வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்பு முடிந்த கோப்புகளை டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற ஒரு விநியோகத் தளத்தின் வழியாக நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஒவ்வொரு பாட்டின் பதிவையும் அடையாளம் காட்டும், 12 எழுத்து, எண்களைக் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு அங்கேயே கிடைக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் தளம் மாறினாலும் அதே குறியீடு வேண்டியிருக்கும். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு தொகுக்கும் பாடல் பட்டியலுக்கு வெளிவராத ஒரு பாட்டைப் பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்ப வேண்டும். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், பாட்டு உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை ஒரே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

பாட்டின் பெயரை எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுப்பது முக்கியம். மன்னார்குடியில் நிகழ்ச்சி முடிந்து ஒரு பெண் கைப்பேசியில் எங்கள் பாட்டைத் தேடினார். ஒரு தளத்தில் தமிழ் எழுத்து, இன்னொன்றில் ஆங்கில எழுத்து, மூன்றாவதில் வேறொரு ஆங்கிலக் கூட்டல். கடைசிவரை கிடைக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

ஆல்பம் முழுவதையும் சுற்றுப்பயணத்துக்கு முன்பே வெளியிட வேண்டியதில்லை. இரண்டு பாட்டை முன்கூட்டி விட்டு, மீதியைப் பயணத்தின் முதல் நாளில் விடுங்கள். முதலில் கேட்டவர்கள் நாங்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும்.

வழி

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம். இந்த வரிசையில் போனால் ஒவ்வோர் ஊருக்கும் இடையே 25 முதல் 60 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தமிழ்நாட்டில் ராக் குழுவுக்கு இவ்வளவு நெருக்கமான ஊர்ச் சங்கிலி வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் இந்த நெருக்கத்தை நம்பித் தினம் ஒரு நிகழ்ச்சி போட்டுவிடாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். அய்யம்பேட்டை, பாபநாசம் என்று கடைவீதிகளைத் தாண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் பாதியில் நெல் காயும், எதிரே அறுவடை இயந்திரம் வரும். இரண்டு நாள் வாசிப்பு, ஒரு நாள் ஓய்வு என்பது எங்களுக்குப் பொருந்திவந்த கணக்கு. ஆறு நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள்.

சாமான்களுக்கு ஒரு குட்டி யானை, ஆட்களுக்கு ரயில். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை நான்கும் மெயின் லைனில் இருப்பது நமக்கு வரம். படுக்கை வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். கிட்டார்கள், பெடல்கள், மைக்குகள் ஆட்களோடு போகும். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் வண்டியில். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள், அபராதத்தைவிட ஆபத்து பெரிது.

சனிக்கிழமை இரவு கும்பகோணத்தில் தங்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். நவகிரகக் கோயில்களுக்கு வருபவர்களால் விடுதிகள் நிரம்பியிருக்கும். காரைக்காலுக்கும் இதே நிலைமை, திருநள்ளாறு பக்கத்தில் இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் நாகப்பட்டினத்தில் வாங்கிய அனுமதி அங்கே செல்லாது.

மேடை யார் தருவார்கள்?

ராக் இசைக்கென்று தனி அரங்கம் இந்த ஊர்களில் தேடாதீர்கள். மேடைகள் வேறு பெயரில் இருக்கின்றன. பொங்கல் விளையாட்டு விழா நடத்தும் இளைஞர் மன்றங்கள், மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவின் மாலை மேடை, முற்போக்கு எழுத்தாளர்கள் நடத்தும் கலை இலக்கிய இரவு, கல்லூரிக் கலைவிழா, தஞ்சாவூரில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையம். புத்தகத் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே மாவட்ட நூலகத்தில் கடிதம் கொடுங்கள். கூடவே இரண்டு பாட்டின் காணொளியும் பாட்டு வரிகளின் அச்சுப் பிரதியும் இருக்க வேண்டும். வரியைப் படித்துப் பார்க்காமல் யாரும் மேடை தர மாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

கோயில் விழாக் குழுவிடம் போவதைப் பல குழுக்கள் தவிர்க்கின்றன. சினிமாப் பாட்டுத்தானே கேட்பார்கள் என்ற தயக்கம். கேட்பார்கள்தான். நான் சொல்வது இது: முழு இரவைக் கேட்காதீர்கள். ஆர்கெஸ்ட்ரா எட்டரைக்குத் தொடங்கும். ஏழே காலுக்கே ஜனங்கள் பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றேகால் மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அதை எங்களுக்குக் கொடுங்கள், செட்டும் விளக்கும் ஏற்கெனவே கட்டியிருக்கிறது, உங்களுக்குக் கூடுதல் செலவில்லை என்று தலைவரிடம் சொல்லுங்கள். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்களுக்கு இப்படித்தான் ஆயிரம் பேர் முன்னால் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. எந்த நகரத்து அரங்கிலும் எங்களுக்கு அத்தனை பேர் வந்ததில்லை. வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிய எங்கள் மூன்றாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர் கையைத் தூக்கி, "தம்பி, அதையே இன்னொரு தடவை பாடுங்கள்" என்றார். பாடினோம். இரண்டாம் முறை பல்லவியைச் சிறுவர்கள் கூடவே பாடினார்கள்.

தாம்பூலமும் தாளும்

நாகஸ்வரக் கச்சேரி பேசும்போது தட்டில் வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதை வாங்கிய பிறகு வேறு இடத்திலிருந்து எவ்வளவு பெரிய தொகை வந்தாலும் அந்தத் தேதியை மாற்ற மாட்டார்கள். விழாக் குழு உங்களிடம் அப்படித் தாம்பூலம் நீட்டினால் எழுந்து நின்று இரு கையாலும் வாங்குங்கள். அதன் கனம் உங்களுக்கும் அதே அளவு.

அதோடு ஒரு தாளும் எழுத வேண்டும். தேதி, மேடை ஏறும் நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் சாப்பாடு, எங்கே தங்கல், செட் யாருடையது, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, மழையால் நின்றால் முன்பணம் என்ன ஆகும், மீதிப் பணம் எப்போது. கடைசி வரியில் கவனமாக இருங்கள். மீதியை மேடை ஏறும் முன் வாங்குவதே முறை. ஒரு நிகழ்ச்சி முடிந்து இரவு பதினொன்றரை மணிக்கு எங்களை அழைத்தவரைத் தேடினோம், தொலைபேசியை அணைத்துவிட்டிருந்தார். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அன்று ஓட்டுநருக்கும் செட்காரருக்கும் எங்கள் கைப்பணத்தைக் கொடுத்தோம்.

அனுமதி

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். சிறு நகரங்களில் மண்டபமும் பள்ளியும் ஒரே தெருவில் இருக்கும், முன்பே நடந்து பார்த்துவிடுங்கள். காவல் நிலையத்துக்கான கடிதத்தை இரண்டு வாரம் முன்பு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் ராக் என்று மட்டும் எழுதினால் கேள்விகள் வரும். தமிழ்ப் பாடல் இசை நிகழ்ச்சி என்றும் எழுதி, பாடல் பட்டியலை இணையுங்கள். நாம் செய்வதும் அதுதானே.

டிக்கெட் வைத்தால், ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. உள்ளாட்சியின் கேளிக்கை வரி பற்றி நகராட்சி அலுவலகத்தில் தனியாகக் கேட்டுவிடுங்கள். பிறர் பாட்டை வாசித்தால் பாட்டின் உரிமைக்கு ஐபிஆர்எஸ் உரிமம் நிகழ்ச்சி நடத்துபவர் வாங்க வேண்டும். அதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

ஒலி

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன, நானும் இதில்தான் அதிகம் கற்றேன்.

கல்யாண மண்டபம் என்பது டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், உயரமான கூரை. ஸ்நேர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினால் பின்சுவரில் மோதி ஒரு கணம் கழித்துத் திரும்பி வரும். பாட்டின் வரி ஒன்றும் புரியாது. நம் பாட்டை முதல்முறை கேட்பவருக்கு வரி புரியாவிட்டால் வேறு பிடிமானம் இல்லை. ஆகவே மண்டபத்துக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியது துணி சேகரிப்பது. பந்தல்காரரிடம் பக்கத் திரைகள் கேளுங்கள், பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். ஜனங்களும் அதில்தான் உட்கார விரும்புவார்கள். டிரம்ஸுக்கு அடியில் இரண்டு. டிரம்ஸ் வாசிப்பவர் பாதி பலத்தில் வாசிக்கப் பழகியிருக்க வேண்டும், இதற்கென்றே ஒரு மாதம் ஒத்திகை செய்யுங்கள்.

மைக் செட்காரரிடம் மரியாதையோடு, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். அவர் முப்பது வருடம் கச்சேரிக்கும் கூத்துக்கும் கட்டியவராக இருப்பார். குரலுக்கு எக்கோ போடுவது அவர் பழக்கம். "அண்ணே, இந்தப் பாட்டுக்கு எக்கோ வேண்டாம், வார்த்தை தெரிய வேண்டும்" என்று சொல்லி, ஒரு வரியை எக்கோவோடும் இல்லாமலும் பாடிக் காட்டுங்கள். காதால் கேட்டுவிட்டால் அவரே சரியாக வைத்துவிடுவார். நாங்கள் சொந்தமாகக் கொண்டுபோவது: நான்கு மைக், இரண்டு டிஐ பாக்ஸ் (கிட்டாரை நேராக மிக்ஸரில் இணைக்கும் பெட்டி), எர்த் உள்ள நீண்ட மல்டிபிளக், ஒரு டெஸ்டர், ஒரு ஸ்டெபிலைசர். மேடையில் ஊம் என்று இரைச்சல் கேட்டால் கிட்டாரைச் சந்தேகிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். கிட்டார்க் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது என்றால், எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். கூட்டம் காத்திருக்கட்டும்.

ஈரக்காற்றைப் பற்றி ஒரு பாடம். ஆடுதுறை அருகே ஒரு விழாவில் பள்ளி வகுப்பறை ஒன்றை எல்லாக் கலைஞர்களுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு நாகஸ்வர வித்வான் சிறிய டப்பாவைத் திறந்து சீவாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, இரண்டை மட்டும் தனியே வைத்தார். சீவாளி காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று அது நடந்துகொள்ளும். நான் வண்டியிலிருந்து இறக்கிய கிட்டாரைத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இறங்கியவுடன் முறுக்காதீர்கள் தம்பி. பெட்டியைத் திறந்து வையுங்கள், இந்த ஊர்க் காற்று அதற்குள் போகட்டும்" என்றார். அன்றிலிருந்து மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாப் பெட்டிகளையும் திறந்து வைக்கிறோம். பாட்டுக்குப் பாட்டு நின்று சுருதி சேர்க்கும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது.

ஊருக்குச் சொல்வது

இன்ஸ்டாகிராம் விளம்பரம் கல்லூரி மாணவர்களைக் கொண்டுவரும். ஊரைக் கொண்டுவருவது நோட்டீஸ். ஒரு பக்கத்தில் நிகழ்ச்சி விவரம், மறுபக்கத்தில் ஒரு முழுப் பாட்டின் வரிகள். பேருந்து நிலையம், டீக்கடை, சலூன், உரக்கடை. கடைக்காரரிடம் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசுங்கள். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரி விளம்பரத்துக்குச் சிறு தொகைதான், வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். திருச்சி வானொலி 1939 முதல் இந்தப் பகுதியின் காது. அங்கேயும் காரைக்கால் வானொலிக்கும் ஆல்பத்தோடு நேரில் போங்கள். அனுமதியில்லாமல் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டாம்.

ஒவ்வோர் ஊரிலும் உங்களுக்கென்று ஓர் ஆள் வேண்டும். புத்தகக் கடைக்காரரோ, தமிழ் ஆசிரியரோ, தவில் வாசிக்கும் இளைஞரோ. ஐந்நூறு போஸ்டர் செய்யாததை அவருடைய ஒரு வார்த்தை செய்யும். மூன்றாம் சுற்றில் எங்கள் ஆறு நிகழ்ச்சிகளில் நான்கு இப்படிப்பட்டவர்கள் ஏற்பாடு செய்தவை.

மேடையில்

எழுபது நிமிடம் போதும். கடைசி டவுன் பஸ் எப்போது என்று விசாரித்து, அதற்கு அரை மணி முன்னால் முடியுங்கள். இல்லையென்றால் பாட்டு நன்றாக இருந்தும் பெண்களும் மாணவர்களும் எழுந்து போக வேண்டிவரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அது எங்கே பிறந்தது என்று மூன்று வாக்கியம் சொல்லுங்கள், நான்காவது வேண்டாம். முதல் இரண்டு பாட்டுக்குக் கைதட்டல் வராமல் இருக்கலாம். கலங்காதீர்கள், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த கூட்டம் தலையசைப்பதில்தான் பாராட்டைக் காட்டும்.

விற்பனையும் கணக்கும்

இங்கே அதிகம் போவது பென் டிரைவ். காரிலும் மினி பஸ்ஸிலும் டிராக்டரிலும் அதில்தான் பாட்டு ஓடுகிறது. எம்பி3 வடிவில் போட்டு, வரிசை எண்ணோடு பெயரிட்டு, கூடவே பாட்டுப் புத்தகம் ஒன்றும் கொடுங்கள். திருவிழாக் கடையில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் பழகிய மக்கள், இருபது ரூபாய்க்கு வைத்தாலும் வாங்குகிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் டெல்டாக்காரர்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம் நல்ல வழி. மின்வடிவ விற்பனையில் அது எடுத்துக்கொள்வது 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதன் க்யூஆர் குறியீட்டை அச்சிடுங்கள், பிள்ளைகள் படம் பிடித்து வெளிநாட்டு அண்ணன், மாமாக்களுக்கு அனுப்புவார்கள்.

கணக்கை அன்றிரவே, சாப்பிடும் முன் முடித்துவிடுங்கள். வண்டி, செட், அச்சு, சாப்பாடு கழித்து மிஞ்சியதைச் சமமாகப் பிரித்து, ஒரு பங்கை அடுத்த சுற்றுக்கு ஒதுக்குங்கள். எங்கள் இரண்டாம் சுற்றில் மிஞ்சியது ஒன்றுமில்லை. மூன்றாவதில் அடுத்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்கு நான்கு நாள் ஸ்டூடியோ வாடகை கிடைத்தது.

மண்டபத்தைவிட்டுக் கிளம்பும் முன் ஜமக்காளங்களை வாசலில் உதறி, நீளவாக்கில் மடித்து, எத்தனை வாங்கினீர்களோ அத்தனையையும் எண்ணிக் காவலாளியிடம் ஒப்படையுங்கள். ஆடியில் எந்த வாரம் மண்டபம் காலி என்று அவரிடமே கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.